பெரிய வெள்ளியில் அம்மா அழுத அழுகை

எங்கள் அம்மா ஆண்டவரில் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலர்களில் எல்லாத் தாய்மாரும் பொறுமையின் சிகரங்களாகவே இருப்பார்கள். எங்கள் அம்மா அப்படியல்ல. கோபக்காரி. ஆண்டவரோடு பல வருடம் சண்டை பிடித்தவர். அதை மறைத்தால் பொய் எழுதுகிறோம் என்று அவரே எங்களை ஏசுவார்.

காங்கேசன்துறைக்கு அருகே, கடற்றொழில் செய்யும் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பத்தில் அம்மா பிறந்தார். அதே கரையில் ஐயாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அறுபதுகளின் தொடக்கத்தில், நானும் அண்ணையும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, மாரிக்காலத்தில் ஒருநாள் கடலுக்குப் போன ஐயா திரும்பவில்லை. வள்ளமும் கரை சேரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

உடல் இல்லாததால் அடக்கமும் இல்லை. அம்மா தாலியைக் கழற்றவில்லை. வெள்ளைச் சேலை உடுக்கவில்லை. எங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும் தொழிலுக்குப் போய்க் கடலில் நிற்பவர்களுக்காக ஒரு அருள்நிறை மந்திரமும், மரித்தவர்களுக்காக ஒரு மந்திரமும் சொல்வது வழக்கம். அம்மா ஐயாவின் பெயரைக் கடலில் நிற்பவர்களோடுதான் சேர்ப்பார். வருடக்கணக்காக அப்படியே சொன்னார்.

சாப்பிடும்போது ஐயாவின் சாப்பாட்டுக் கோப்பையிலும் சோறு போடுவார். காற்றுக்கு வாசல் படலை அசைந்தால், ஐயா இருமுவது கேட்டதென்று "வந்திட்டியளே?" என்று அடுப்படியிலிருந்து கேட்பார். பதில் வந்துவிடுமோ என்று நானும் அண்ணையும் மூச்சுவிடாமல் இருப்போம். ஐயாமேல் இருந்த பாசமெல்லாம் எங்களுக்குப் பயமாக மாறிவிட்டது.

சாவகச்சேரியில் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, எங்களைக் கூட்டிப்போக வந்து வந்து களைத்தார்.

"அக்கா, வெளிக்கிடுங்கோ. பிள்ளையள் பட்டினி கிடக்குதுகள்."

"நான் வந்தால், அவர் வந்து ஆரைத் தேடுறது?"

கடைசியில் அண்ணை, "நான் மாமாவோடை போறன். நீங்கள் ஐயாவோடை இருங்கோ," என்று சொல்லிவிட்டார். கைநீட்டத் தயங்காத அம்மா அன்று அவரை அடிக்கவில்லை. ஒரு வார்த்தை ஏசவுமில்லை. உயிரோடிருக்கும் மகனும் கைவிட்டுப் போகப்போகிறான் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

அந்தக் கிழமைதான் பெரிய வெள்ளி வந்தது. எங்கள் கோயிலில் அன்று கர்த்தரின் சொரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, ஆசந்தி என்னும் பாடையில் கிடத்துவார்கள். ஊரே வரிசையில் சென்று பாதத்தை முத்தமிடும். செத்தவீட்டில் போலவே பெண்கள் ஒப்புச் சொல்லி அழுவார்கள். ஐயா போன பிறகு அம்மா அந்தப் பக்கமே போனதில்லை. அன்று போனார். முத்தமிடக் குனிந்தவர் எழும்பவில்லை. சொரூபத்தின் கால்களைக் கட்டிப்பிடித்து, "என்ரை ராசா, உங்கடை முகத்தைக்கூட எனக்குக் காட்டேல்லையே!" என்று குழறினார். அது ஐயாவுக்கான அழுகை என்று எல்லோருக்கும் விளங்கியது. தூக்கப் போனவர்களைப் பங்குச் சுவாமியார் மறித்தார்.

"விடுங்கோ. அவவுக்கு அழுகிறதுக்கு ஒரு உடம்பு கிடைக்கேல்லை. ஆண்டவர் தன்ரை உடம்பைக் குடுத்திருக்கிறார்."

அன்றைய வீட்டுச் செபத்தில் அம்மா முதன்முறையாக ஐயாவின் பெயரை மரித்தவர்களோடு சொன்னார். அண்ணை விம்மி விம்மி அழுதார். "அவர் எங்கை கிடக்கிறார் எண்டு ஆண்டவருக்குத் தெரியும். இனி நான் தேடத் தேவையில்லை," என்றார் அம்மா. உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் மூவருமாகச் சாவகச்சேரிக்கு பஸ் ஏறினோம்.

அங்கே சந்தையில் கருவாடு விற்று எங்களைப் படிக்க வைத்தார். ஐயா இருமும் சத்தம் அங்கும் கேட்கிறதென்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "கேக்கட்டும். ஒரு மந்திரம் சொல்லுவன். பிறகு என்ரை வேலையைப் பாப்பன்." விசுவாசம் வந்தால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அம்மா பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் சந்தைக்குப் போனார்.

கடைசி நாட்களில் ஆசுபத்திரியில் அம்மாவைப் பராமரித்த தாதிமாருக்கும், சாகுமுன் எண்ணெய் பூசி அவஸ்தைப் பூசுதல் கொடுத்த சுவாமியாருக்கும், பந்தல் போட்ட அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. மாமாவுக்கு நன்றி சொன்னால் கோபிப்பார்; ஆனாலும் சொல்கிறோம். அம்மாவைக் குளிப்பாட்டி, உடுத்தி, விறாந்தையில் கிடத்தித் தந்த பெண்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நானும் அண்ணையும் அம்மாவின் முகத்தைப் பார்த்து, நெற்றியில் முத்தமிட்டு, ஆசைதீர அழுதோம். அம்மாவுக்குக் கிடைக்காததை நீங்கள் எங்களுக்குத் தந்தீர்கள்.