கழிவு போக எழுபத்தைந்து கிலோ

எடை போடுகிறவனைச் சரக்கு கொண்டு வருகிறவனும் நம்ப மாட்டான், வாங்குகிறவனும் நம்ப மாட்டான். ரேஷன் கடையிலும் மண்டியிலும் பார்சல் ஆபீசிலும் தராசுக்குப் பின்னால் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்கும் சகோதரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஓர் ஆலையில் நான் எடை கிளார்க்காக இருந்தேன். வீடு பொன்னேரியில். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். உங்களுக்கு நேர்ந்ததெல்லாம் எனக்கும் நேர்ந்தது. கூடவே உங்களில் யாரும் செய்யாத ஒரு காரியத்தையும் செய்தேன்: ஒரு குத்துச்சண்டை சாம்பியனை உருவாக்கினேன், அதுவும் வாயால்.

துருவுக்கு ஒரு கிலோ

லாரியில் வரும் இரும்புக்குப் பெரிய எடைமேடை. மூன்று சக்கர வண்டியில் வரும் சில்லறைச் சரக்குக்கு என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளாட்பாரத் தராசு. கூடையை ஏற்றி, தண்டில் குண்டை நகர்த்தி, அது நிற்கும் இடத்தைப் படிக்க வேண்டும். பழைய இரும்பு என்றால் மண்ணும் துருவும் ஒட்டிக்கொண்டு வரும். அதற்காகக் கூடைக்கு ஒரு கிலோ கழிக்க வேண்டும் என்பது ஆலையின் வழக்கம். தண்டில் நாற்பத்தொன்று என்றால் வாயில் நாற்பது. ஒன்பது வருஷத்தில் கண் ஒன்றைப் படிப்பதும் வாய் ஒன்றைச் சொல்வதும் எனக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

ஒரு முறை பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். நர்ஸம்மா ஊசி போட உள்ளே போயிருந்தார். தராசைப் பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, நானே குழந்தையைத் தட்டில் வைத்துப் பார்த்து, "ஏழு கிலோ" என்றேன். போன மாதமே ஏழரை இருந்த குழந்தை. என் மனைவிக்கு முகம் வெளுத்துப் போயிற்று. நர்ஸம்மா ஓடி வந்து பார்த்து எட்டு என்றார். வீடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மனைவி கேட்டாள்: "புள்ள மேல இன்னா துருவா புடிச்சிகினு கீது?"

இரண்டு கட்சி

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் மிடில்வெயிட் சாம்பியன் என்று இரண்டு பேரைச் சொல்வார்கள். ஒருவன் மாசிலாமணி. தொழிற்பேட்டையில் வேறொரு ஆலையில் உலையடியில் காண்டிராக்ட் கூலி. இன்னொருவன் ஏகாம்பரம். பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவன். நாலு வருஷமாக இரண்டு பேரும் அவரவர் ஊர்ப்பக்கம் ஜெயித்துக்கொண்டே வந்தார்கள், ஒருவரோடு ஒருவர் மட்டும் மோதவில்லை. யார் யாருக்குப் பயந்து ஒதுங்குகிறான் என்பதுதான் எங்கள் ஆலையில் தினப்படி விவகாரம்.

ஏகாம்பரம் கட்சிக்குத் தலைவர் லாரி டிரைவர் கன்னியப்பன். சண்டை நோட்டீஸ்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார். மாசிலாமணி கட்சிக்கு எங்கள் லோடிங் மேஸ்திரி டேவிட். லாரி எடைமேடையில் ஏறி நின்றதும் ஆரம்பித்துவிடுவார்கள், இறங்கும்வரை எனக்குக் காது கேட்காது. கன்னியப்பன் நோட்டீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்: இவன் வயசானவன், இவன் லைட்வெயிட், இவன் ஜுரத்தில் கிடந்து எழுந்து வந்தவன், மாசிலாமணி ஆள் பார்த்துப் பொறுக்கித்தான் மோதுகிறான் என்பது அவர் வாதம். ஏகாம்பரம் மட்டும் பழவேற்காட்டை விட்டு எப்போது வெளியே வந்தான் என்று டேவிட் திருப்பிக் கேட்பார். ஒரு நாள் டேவிட்டுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எங்காளு அடிச்சதுல ஒருத்தனாவது எழுந்தானாய்யா?" என்று கத்தினார். கன்னியப்பன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "படுத்துக்கினே வந்தவன் எழுந்தா இன்னா, எழலேன்னா இன்னா?"

எடை பார்த்த காலை

கடைசியில் தொழிலாளர் விழாவுக்காக இரண்டு பேரையும் மோத வைத்தார்கள். ஒரு கம்பெனி, ஜெயிக்கிறவனுக்கு நிரந்தர வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தது. கோப்பையை யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள், பர்மனென்ட் வேலை யார் கொடுப்பார்கள்? அதனால் ஒரு ஓட்டையும் இருக்கக் கூடாது என்று விழாக் கமிட்டியில் கறாராக இருந்தார்கள். எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் மிடில்வெயிட் இல்லை, சண்டையும் இல்லை. தொழிற்பேட்டையிலேயே வம்பில்லாத தராசு எது என்று விசாரித்து எங்கள் தராசைத் தேர்ந்தெடுத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

சண்டையன்று காலை மாசிலாமணி துண்டைக் கட்டிக்கொண்டு முதலில் ஏறினான். கன்னம் ஒட்டி, உதடு காய்ந்து போயிருந்தது. குண்டை நகர்த்தினேன். எழுபத்தாறில் நின்றது. "எழுபத்தஞ்சு" என்றேன். ரெஃப்ரி எழுதிக்கொண்டார். அடுத்து ஏகாம்பரம். எழுபத்துமூன்றில் நின்றது. "எழுபத்திரண்டு" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்து போனார்கள். பத்து நிமிஷம் கழித்து ஒரு மூன்று சக்கர வண்டி வந்தது. கூடையை ஏற்றி, முப்பத்தெட்டைப் பார்த்து முப்பத்தேழு என்று சொன்னபோதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

கேட்டுக்கு ஓடினேன். எதிர்த்த டீக்கடையில் மாசிலாமணி பன்னைப் பிய்த்துப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். சாயங்காலம் சண்டை. மீஞ்சூரிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் ஜனங்கள் கிளம்பியிருப்பார்கள். இப்போது போய்ச் சொன்னால் என் ஒன்பது வருஷ எடையையும் சேர்த்துச் சந்தேகப்பட மாட்டார்களா? பயந்துவிட்டேன், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானே கழித்தோம் என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். திரும்பி உள்ளே வந்தால் என் மேஜைக்கு முன்னால் கமிட்டித் தலைவர் நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார்: "உங்கள மாதிரி ஒரு ஆளு இருந்ததாலதான் சார், இவ்ளோ சுத்தமா முடிஞ்சுது."

ஆறு ரவுண்டு

நான் பார்த்த ஒரே குத்துச்சண்டை அதுதான், அதையும் சரியாகப் பார்க்கவில்லை. மாசிலாமணி விட்ட ஒவ்வொரு குத்திலும் என்னுடைய ஒரு கிலோவும் சேர்ந்து விழுவதாகவே எனக்குத் தெரிந்தது. ஆறு ரவுண்டு முடிந்து பாயிண்ட் கணக்கில் மாசிலாமணி ஜெயித்தான் என்று அறிவித்தார்கள். டேவிட் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். வேலைக்கான கடிதத்தை மேடையிலேயே கொடுத்தார்கள். ஏகாம்பரம் ஓரமாக உட்கார்ந்து பல்லால் முடிச்சை இழுத்துக் கிளவுஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க பழவேற்காட்டு ஆளா சார்?"

சாட்சி

சண்டை முடிந்தால் சண்டை முடிந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்துதான் அது ஆரம்பமாயிற்று. கன்னியப்பன் பழைய நோட்டீஸோடு புது வாதமும் கொண்டு வந்தார்: மாசிலாமணி கனம் கூட இருந்தான், பார்த்தாலே தெரிந்தது. டேவிட் நேராக என்னிடம் விரலை நீட்டினார். "தோ, எடை போட்டவரு உக்காந்துகினு கீறாரே, அவரையே கேளு" என்றார். கன்னியப்பன் கேட்டார். "தராசு சரியாத்தான் இருக்கு" என்றேன். பொய் இல்லை. தராசு சரியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு முறையாவது என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள், நானும் ஐந்தெழுத்து மந்திரம் மாதிரி அந்த வாக்கியத்தையே சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்குள் ஏகாம்பரத்தின் பெயர் நோட்டீஸில் மேலே பெரிய எழுத்திலிருந்து நடுவுக்கு வந்து, பிறகு அச்சாபீஸ் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்துக்கு இறங்கிவிட்டது. தோற்றவனோடு மோதி யாருக்கு என்ன பேர் கிடைக்கப்போகிறது? ஒரு நாள் கன்னியப்பன் லாரியிலிருந்து இறங்கி என் மேஜைக்கு வந்தார். இந்த முறை சத்தமில்லை. "மத்தவன் எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன். நீங்க சொல்றீங்களேன்னுதான் சார் வாய மூடிக்கினு போறேன்."

மாசிலாமணியின் நியாயம்

வேலை நிரந்தரமானதும் மாசிலாமணி கிளவுஸை ஆணியில் மாட்டிவிட்டான். ஏகாம்பரத்தோடு மறுபடி மோதச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள். அவன் மசியவில்லை. பயந்துவிட்டான் என்றது ஒரு கட்சி, மலையேறியவன் எதற்கு மறுபடி ஏற வேண்டும் என்றது இன்னொரு கட்சி. ஒரு நாள் ஏதோ வேலையாக எங்கள் ஆலைக்கு வந்தவனை நானே உட்கார வைத்துக் கேட்டேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"மூஞ்சி கிழிஞ்சா பதினஞ்சு நாளு வேலைக்குப் போவ முடியாது சார். பர்மனென்ட் ஆனவன் எவனாவது அந்த பேஜாருல போயி மாட்டுவானா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான். எடைக்கு முந்தின இரண்டு நாளும் அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். உலைக்குப் பக்கத்திலேயே நின்று வேர்க்க வைத்தானாம். அவன் மனைவி மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி முழங்காலில் கிடந்தாளாம். டீ வாங்கிக் கொடுத்தேன். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்: "நீங்க எழுபத்தஞ்சுன்னு சொன்னப்போ, கர்த்தரே வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு சார்."

பொன்னேரி ரயிலடி

ஆறு வருஷம் கழித்து ஒரு காலையில் பொன்னேரி ரயிலடியில் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். இரண்டு கூடை இறாலோடு பட்டணம் போகிற வண்டிக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னை அவனே அடையாளம் கண்டு எழுந்து, "நல்லா கீறீங்களா சார்?" என்றான். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். கழிவு, எழுபத்தாறு, டீக்கடைவரை ஓடித் திரும்பியது, எல்லாம்.

ஏகாம்பரம் கூடை மேல் ஈரச் சாக்கைச் சரி செய்துகொண்டே, "தெரியும் சார்" என்றான். "உங்க பின்னாலதானே நின்னுக்கினு இருந்தேன். தெனம் மீனு எடை போடறவனுக்கு குண்டு எங்க நிக்குதுன்னு தெரியாதா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாசிலாமணியை விலக்கியிருப்பார்களே, அந்த வேலை உனக்கே வந்திருக்குமே என்றேன். "தராசுல ஏறி வேலை வாங்கறதுக்கு நான் இன்னா சார், பழைய இரும்பா?" என்றான். "நாலு வருசமா கூப்ட்டு கூப்ட்டு அன்னிக்குத்தான் எதிர்ல வந்து நின்னான். மோதணும்னு நான் ஆசப்பட்ட ஒரே ஆளு அவன்தான். ஒரு கிலோவுக்காவ அவன திருப்பி அனுப்புவேனா?"

எனக்கு நிம்மதி வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஆறு வருஷமாகச் சோறு சரியாக இறங்காமல் கிடந்தவனுக்கு இந்த ஆள் ஒரு தபால் கார்டாவது போட்டிருக்கக் கூடாதா? அப்படியென்றால் அந்த ஒரு கிலோவால் நீ தோற்கவில்லையா என்று கேட்டேன், கொஞ்சம் அதட்டலாகவே. வண்டி வந்துகொண்டிருந்தது. ஏகாம்பரம் ஒரு கூடையைத் தலைக்குத் தூக்கப்போனவன், அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மடக்கி எனக்கு முன்னால் சண்டைக்கு நிற்பது போல நின்றான். இடது கையை மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. "நாலாவது ரவுண்டுல இப்படி எறக்கிட்டேன் சார், அவன் பாத்துட்டான், அடிச்சிட்டான். ஆறு வருசமா அத்தினி பேரு பேசறீங்க, இந்த கையப் பத்தி ஒருத்தன் பேசலியே!"

குத்தியவனும் குத்து வாங்கியவனும் தப்பாக எடை சொன்னவனும் ஒருவழியாக ஆறிப்போய்விட்டோம், ஒரு குத்தும் வாங்காத கன்னியப்பனுக்கும் டேவிட்டுக்கும்தான் அந்தச் சண்டை நான் ரிட்டயர் ஆகும்வரை முடியவில்லை.