பூரிம் பண்டிகைக் கோழிக்கறி

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. ஊரில் சாதாரணதரப் பரீட்சை வரை படித்தேன், அதிலும் கணக்கில் தவறிவிட்டேன். நாலு பேர் ஒன்றாக என்னைப் பார்த்தால் எழுந்து போய்விடுவேன். படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் வந்து உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதை நான் நல்ல மனதோடு எழுதவில்லை.

மெல்பேர்னில் யூதர்களின் கோயில் ஒன்றில் 2009ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தேன். அதை அவர்கள் ஷூல் என்பார்கள். கிளேட்டனில் தம்பி குடும்பத்தோடு இருந்தேன். அங்கிருந்து ரயிலில் கோல்பீல்ட் போய், டிராம் பிடிக்க வேண்டும். தொழுகைக் கூடத்துக்குப் பக்கத்தில் விருந்து மண்டபம், மண்டபத்துக்குப் பின்னால் குசினி. குசினியில் வெட்டுவது, கழுவுவது, துடைப்பது என் வேலை.

வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. வரப்போகும் நிகழ்வுகளின் தாள்களைக் கிழமைக்கு ஒரு முறை அதில் குத்துவதும் நான்தான். அந்தப் பலகையைப் பார்த்தே அவர்களுடைய வருடத்தைப் பழகிக்கொண்டேன். வெள்ளி இரவுச் சாப்பாடு, முதியோர் மதிய உணவு, பதின்மூன்று வயதுப் பையன்களின் சடங்கு, மெழுகுதிரிப் பண்டிகைக்கு எண்ணெயில் பொரித்த டோனட், முற்றத்தில் ஓலைக் கூரை போட்டு அதன் கீழே சாப்பிடும் கிழமை. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. யாரும் என்னை அதிகம் கதைக்க வைக்கவில்லை.

குசினிக்கு விதிகள் நிறைய. பாலுக்கு ஒரு தொட்டி, இறைச்சிக்கு ஒரு தொட்டி. கத்தியும் கரண்டியும்கூட வேறு வேறு. வெளியிலிருந்து சாப்பாடு உள்ளே வரக்கூடாது. எங்கள் மதிய உணவை மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில்தான் திறக்கலாம். இதையெல்லாம் கவனிக்க வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் இருந்தார். எங்களுக்குள் அவரை ஐயர் என்போம். காலையில் வந்து எல்லா அடுப்பையும் அவரே மூட்டுவார். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அடுப்பு அணைந்துவிட்டது. நான் லைட்டரை எடுத்தேன். ஐயர் ஓடி வந்து என் கைக்கும் அடுப்புக்கும் நடுவில் தன் கையை நீட்டினார். நெருப்பை ஒரு யூதர் மூட்டினால்தான் அந்தச் சமையல் அவர்களுக்கு ஆகும், எத்தனை தடவை அணைந்தாலும் அப்படித்தான் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். எனக்கு அது விளங்கியது.

அடுத்த வருடம் குசினிக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. எங்கள் தெருவில் ஒரு அக்கா வேலை தேடிக்கொண்டிருந்தாள். வயதில் மூத்தவள், கொழும்பில் கந்தோரில் கிளாக்கராக இருந்தவள், ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வரும். அவர், இவர் என்றுதான் எழுத வேண்டும். கை வரவில்லை. நானே அவளை ரயிலில் கூட்டிக்கொண்டு போய் ஐயருக்கு முன்னால் நிறுத்தினேன்.

அந்த வருட மெழுகுதிரிப் பண்டிகைக்கு முந்தின கிழமை அது நடந்தது. இறைச்சித் தொட்டியில் கிடந்த ஒரு கரண்டியை ஐயர் எடுத்தார். அதில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இறால் தூள் போட்ட சம்பல். இறால் அவர்கள் தொடாத பண்டம். அக்கா அன்று காலை அந்தச் சம்பலைப் பாணுக்குள் வைத்துக் குசினியிலேயே நின்று சாப்பிட்டாள். அறை வரை நடக்கப் பஞ்சி, அவ்வளவு சோம்பல்.

"இது யாருடையது?" என்று ஐயர் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா ஆங்கிலத்தில் முந்திக்கொண்டாள். "அவளுடையது. பாவம், அவளுக்கு விதிகள் விளங்காது. படிப்பில்லை. மன்னித்துவிடுங்கள்."

சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையின் பாரம் இப்போதும் என் தோளில் இருக்கிறது. எனக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழும் வரவில்லை. தலையைக் குனிந்தேன். குனிந்ததை ஐயர் ஒப்புக்கொண்டதாக எடுத்தார். அன்று முழுவதும் கொதிதண்ணீர் ஊற்றித் தொட்டியையும் கரண்டிகளையும் அவர்கள் சுத்தம் செய்தார்கள். கோபமாக ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து எனக்குக் குசினி இல்லை. மண்டபத்தின் கதிரைகளும் கழிவறைகளும் என் பொறுப்பு. குசினி அக்காவுக்கு.

ரயிலில் அக்கா பக்கத்தில் வந்து இருந்தாள்.

"குறை நினையாதையும் பிள்ளை. எனக்கு வேலை போனா எங்கடை வீட்டு மனுசன் சும்மா விடாது. உமக்கென்ன, உம்மை ஆர் கேக்கப் போயினம்?"

அதோடு விட்டிருந்தால்கூட நான் மறந்திருக்கலாம். அவள் விடவில்லை. கிளேட்டன் முழுக்க அதைப் பகிடியாகச் சொன்னாள். யூதரின் கோயிலுக்குள் இறால் கொண்டுபோன கதை கடையிலும் எங்கள் கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் சுற்றியது. எனக்குப் பெயர் வந்தது. மரக்கறிக் கடையில் நிற்கும்போது பல்கலைக்கழகப் பிள்ளைகள், "ஹாய் இறால் அன்ரி" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் பல்லைக் கடிப்பேன்.

அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டேன். ஒரே ரயில், வேறு பெட்டி.

பூரிம் என்ற பண்டிகையை அதன் பிறகுதான் நான் சரியாகக் கவனித்தேன். தங்கள் இனத்தையே கொல்லத் திட்டம் போட்ட ஒரு அமைச்சன் கடைசியில் தானே தூக்கில் தொங்கிய கதையை அன்று ஒரு சுருளிலிருந்து வாசிப்பார்கள். அவன் பெயர் வரும்போதெல்லாம் குழந்தைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றுவார்கள், பெரியவர்கள் நிலத்தில் உதைப்பார்கள், பெயரே காதில் விழாது. சாமி கும்பிடுகிற இடம் எதிலும் இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. சிலர் அந்தப் பெயரைச் சப்பாத்தின் அடியில் எழுதி, தேயும் வரை மிதிப்பார்கள் என்று ஒரு கிழவி எனக்குச் சொன்னாள். 2011 பூரிமுக்கு நானும் எழுதினேன். வெண்கட்டியால், தமிழில், அக்காவின் பெயரை. அன்று வேலை முடியும் வரை அதன் மேல் நடந்தேன். கிளேட்டன் நிலையத்தில் இறங்கிக் காலைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு எழுத்தும் இல்லை. நல்ல நித்திரை வந்தது. ஆனால் விடிந்ததும் அவள் குசினியிலும் நான் கழிவறையிலும்தான் இருந்தோம்.

அடுத்த வருட பூரிம் விருந்துக்கு, இந்தியா என்று அறிவிப்புத் தாளில் போட்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒரு நாட்டை எடுத்து அலங்காரமும் உடையும் சாப்பாடும் அதன்படி செய்வது அங்கே வழக்கம். நான்தான் அந்தத் தாளைப் பலகையில் குத்தினேன். அக்கா தானே சமைப்பதாக ஷூலின் செயலாளர் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். தொலைபேசியில் யாருக்கோ பெருமை அடித்தது எனக்குக் கேட்டது.

"இந்தியாவும் இலங்கையும் இவையளுக்கு ஒண்டுதான். நான் யாழ்ப்பாணக் கோழிக்கறி வைக்கிறன். ஆருக்குத் தெரியப் போகுது?"

கறியில் தேங்காய்ப்பால் விடுவதாக இருந்தது. இறைச்சியோடு பசுப்பால் கலந்துவிட்டதோ என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு மேசையிலும் பாதித் தேங்காய் ஒன்றை வைக்கும்படி ஐயர் சொன்னார். உடைத்து வைத்தது நான்.

அன்று ஆள் போதவில்லை. வெங்காயம் உரிக்கச் செயலாளர் அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டினேன். அக்கா கத்தியைத் தீட்டியபடி அவரிடம் ஆங்கிலத்தில், "வெங்காயம் சரி. கரண்டி மட்டும் கொடுத்துவிடாதீர்கள்" என்றாள். அந்த அம்மா விளங்காமல் சிரித்தார்.

ஐயர் வழக்கம்போல அடுப்புகளை மூட்டினார். ஒன்றில் சோறு, ஒன்றில் பருப்பு, பெரிய அடுப்பில் கோழி. பிறகு வைன் பெட்டிகள் வந்திருக்கின்றன என்று யாரோ கூப்பிட, முன்பக்கம் போனார். அக்கா தாளித்துக் கோழியைக் கொட்டினாள். புகைக்காகப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தோம். திடீரென்று காற்று வந்தது. பெரிய அடுப்பு அணைந்தது.

அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. லைட்டரை எடுத்து மூட்டிவிட்டு, அகப்பையை விட்டுக் கிளறினாள்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரியும். நம் கோயிலில் ஐயர் குத்துவிளக்கை ஏற்றிவிட்டுப் போவார். நடுவில் ஒரு திரி அணைந்தால் கிட்ட நிற்பவர் ஏற்றிவிடுவார், அதில் ஒரு குறையும் இல்லை. இவர் காலையில் மூட்டுவதையும் அக்கா அப்படி ஒரு தொடக்கச் சடங்காகத்தான் நினைத்திருந்தாள். அவள் வந்த பிறகு அடுப்பு அணைந்ததே இல்லை, அதனால் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். நான் அவளோடு கதைப்பதில்லை.

கோழி அப்போது பச்சையாக இருந்தது. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் ஐயர் வந்து அணைத்து மூட்டியிருப்பார், எல்லாம் சரியாகியிருக்கும். நான் வெங்காயம் உரித்தேன். கறி கொதித்தது. தேங்காய்ப்பால் விட்டாள். வாசம் மண்டபம் வரை போனது. ஒரு வெங்காயத்தை முடித்து அடுத்ததை எடுக்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று நினைத்தேன். இறைச்சி எலும்பை விட்டுக் கழன்றால்தான் எனக்குத் திருப்தி.

ஐயர் திரும்பி வந்தார், மூச்சை இழுத்துப் பார்த்து, அருமையான வாசம் என்றார். செயலாளர் அம்மாவும் பின்னால் வந்து புகழ்ந்தார். அக்காவின் முகம் மலர்ந்திருந்தது. அப்போது நான் வெங்காயத்தைப் பார்த்தபடி, மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லி வைத்திருந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அக்கா, அடுப்பு அணைந்ததே, திரும்ப யார் மூட்டியது?"

இத்தனை நாளுக்குப் பிறகு நான் வாய் திறந்ததே அவளுக்கு ஒரு வெற்றி மாதிரி இருந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு, அவளும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். "நான்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் கறியை நான் ஆற விடுவேனா?"

ஐயரின் கையில் சட்டியின் மூடி இருந்தது. "எப்போது?" என்றார்.

"கோழியைப் போட்டதும்."

அவர் மூடியைத் திரும்ப வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். பிறகு அடுப்பை அணைத்தார். இந்தக் கறி எங்களுக்கு ஆகாது, சட்டியையும் கொதிதண்ணீரில் போட வேண்டும் என்றார். செயலாளர் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். ஆங்கிலம் எங்கோ போய்விட்டது.

"பாத்துக்கொண்டே இருந்தனீர் என்ன? அந்தக் கரண்டிக்கு இப்ப பழி வாங்கிறீர். நான்தான் சாப்பிட்டனான், அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுறீர்? வாயைத் திறவுமன், ஊமைக் கோட்டான்."

"அவள் என்ன சொல்கிறாள்?" என்று ஐயர் என்னைக் கேட்டார்.

அவள் சொன்னதை மொழிபெயர்த்திருந்தால் என் பெயர் அந்த இடத்திலேயே சுத்தமாகியிருக்கும். தம்பி வீட்டில் பிறகு என்னைக் கேட்டார்கள், ஏன் சொல்லவில்லை என்று. எனக்கு அந்த நேரம் சுத்தம் தேவைப்படவில்லை. வேறொன்று தேவைப்பட்டது. எழுந்து போய், வெங்காயக் கையை அவள் தோளில் வைத்தேன்.

"பாவம், அவளுக்கு விதிகள் விளங்காது," என்றேன் ஆங்கிலத்தில். "மன்னித்துவிடுங்கள்."

அக்கா என் கையைத் தட்டிவிட்டு, ஏப்ரனைக் கழற்றிக் கதிரையில் எறிந்துவிட்டுப் பின்கதவால் போனாள்.

பிறகு எல்லாரும் ஓடினார்கள். யாரோ காரில் போய் அவர்களுடைய இறைச்சிக் கடையில் ஆறின இறைச்சித் துண்டுகளும் ஊறுகாயும் வாங்கி வந்தார்கள். சோறும் பருப்பும் ஐயரின் நெருப்பில் வெந்ததால் தப்பின. பின்னேரம் சேலையும் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு எல்லாரும் வந்தார்கள். ஒரு கிழவியின் சேலைக் கொசுவம் அவிழ்ந்து தொங்கியது, அதை நான் மடித்துச் சொருகிவிட்டேன். சுருள் வாசித்தார்கள். அந்த அமைச்சனின் பெயர் வந்தபோது கட்டடமே அதிர்ந்தது. நான் கதவுக்கு வெளியே துடைப்பத்தோடு நின்று, அவர்களோடு சேர்ந்து நிலத்தில் உதைத்தேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் உதைத்திருப்பேன்.

மேசைகளில் பாதித் தேங்காய்கள் அப்படியே இருந்தன. கறி எங்கே என்று சில பிள்ளைகள் கேட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, பசியோடு போனவர்களுக்காக இன்றும் கொஞ்சம் வருத்தம் உண்டு. அக்காவுக்காக இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

கறி உங்களுக்கு ஆகும், கொண்டுபோங்கள் என்று ஐயர் சொன்னார். இரண்டு வாளிகளில் ஊற்றித் தம்பியின் காரில் ஏற்றினேன். உப்பு அளவாக இருந்தது. நல்ல கறி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா வேலைக்கு வரவில்லை. வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்காகக் குசினிக்கு அவசரமாகப் புதிதாக ஒரு பெண்ணை எடுத்திருந்தார்கள். நான் கழிவறைகளைக் கழுவிவிட்டு, பூரிம் தாளைப் பலகையிலிருந்து கழற்றினேன்.