இரண்டு கல்லுக்கு மூன்று மார்க்

நெய்வேலியில் பனிக்கட்டி ஃப்ரிட்ஜுக்குள் மட்டும்தான் உண்டு. அதனால் பனிக்கட்டி மேல் ஆட வேண்டிய கர்லிங்கை இங்கே ஆடுவது பாட்மிண்டன் ஹால் தரையில். அடியில் சிறு குண்டுகள் பொருத்திய கனமான வட்டக் கல்லை, அணிக்கு நான்கு பேர் முறை வைத்துத் தள்ளுவார்கள். எதிர்முனையில் வரைந்த வட்டத்தின் நடுவுக்கு யார் கல் நெருக்கமோ அவர்களுக்குப் புள்ளி. அந்த வட்டத்தை விதிப் புத்தகம் ஹவுஸ் என்கிறது. எங்கள் பெண்கள் குவார்ட்டர்ஸ் என்றார்கள்.

நகரிய மகளிர் சாம்பியன்ஷிப்புக்கு நான் ஸ்கோரர். நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதே தகுதி. கேப்டன் சொன்ன இடத்தில் கல் நின்றதா என்று பார்த்து, ஒவ்வொரு கல்லுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மார்க் போட வேண்டும். மொத்தத்தில் அதிகம் எடுத்தவருக்குச் சிறந்த ஆட்டக்காரர் கோப்பை. என் மனைவியும் ஆடுகிறாள் என்று செயலாளரிடம் முதலிலேயே சொன்னேன்.

"நீங்க பேப்பர்ல இருந்தவர் சார். பாரபட்சம் பார்க்க மாட்டீங்க" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மனைவிக்கு அந்தக் கோப்பை வேண்டும். அதை அவள் மறைக்கவில்லை. பள்ளி நாளிலிருந்து அவள் வாங்கியதெல்லாம் கலந்துகொண்டதற்கான சான்றிதழ்கள். டி.வி.க்கு மேலே இருந்த, என் ஓய்வின்போது கொடுத்த கேடயத்தை பீரோ மேல் ஏற்றிவிட்டு, அந்த இடத்தைத் துடைத்து வைத்திருந்தாள்.

இறுதி ஆட்டத்தில் அவள் அணி ஜெயித்தது. சிறந்த ஆட்டக்காரர் கோப்பை, அதே அணியில் ஆடிய, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் பெண்ணுக்குப் போனது. வித்தியாசம் ஒரு மார்க். மைக்கில் அறிவித்தது நான்தான். கோப்பையின் உச்சியில் ஒரு கிரிக்கெட் வீரர் மட்டையுடன் நின்றார். கடையில் அதுதான் இருந்ததாம்.

ஸ்கூட்டரில் பாதி வழியில் மனைவி கேட்டாள்.

"கடைசி ரவுண்டுல என் ரெண்டாவது கல்லுக்கு எவ்வளவு போட்டீங்க?"

"மூணு. எதிரணிக் கல்லை மறிக்க, வட்டத்துக்கு வெளிய நிறுத்தச் சொன்னாங்க கேப்டன். கோட்டைத் தொட்டுடுச்சு."

"தொடலைங்க."

"நான் பார்த்தேன்."

"பக்கவாட்டுல உட்கார்ந்துகிட்டுப் பார்த்தீங்க."

மாடியிலிருந்து யாரோ எடுத்த வீடியோ குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. கல்லுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது.

ஒரு தவறு யாருக்கும் நேரும். மறுநாள் காலை மார்க் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டேன். சந்தேகமான கல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைப்பது என் வழக்கம். ஏழு புள்ளிகள் இருந்தன. ஐந்து மற்றவர்களுடைய கற்கள். ஐந்துக்கும் நான்கு மார்க். இரண்டு என் மனைவியுடையவை, இரண்டுக்கும் மூன்று.

தாள்களை அவளிடம் காட்டினேன். பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"மத்தவங்களுக்கு சந்தேகத்தோட பலன். எனக்கு சந்தேகம் மட்டும்."

"யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதேன்னு..."

"யாரும் சொல்லலை. நான்தான் சொல்றேன்."

செயலாளரிடம் போனேன். "இப்ப மாத்தினா, பொண்டாட்டிக்கு மார்க் கூட்டிட்டாருன்னு பேசுவாங்க சார்" என்றார். அதற்குப் பயந்துதான் குறைத்திருந்தேன் என்று சொல்லவில்லை. திருத்தம் ஒன்று எழுதி ஒட்டிக்கொள்ள அனுமதித்தார். கோப்பையைத் திரும்ப வாங்கும் பேச்சை மனைவியே தடுத்துவிட்டாள். "அவகிட்டப் போய் நின்னீங்கன்னா தெரியும் சேதி."

நான்கு வரி எழுதினேன். கூட்டல் தவறு என்று எழுதவில்லை. ஸ்கோரரின் தவறு என்று எழுதினேன். சரியான மார்க்கின்படி யார் முதலிடம் என்பதும் அதில் இருந்தது. அன்று மாலை மனைவி அறிவிப்புப் பலகை முன் நின்று முழுவதும் படித்தாள்.

"தப்பை மைக்குல சொன்னீங்க. திருத்தத்தை பஸ் டைமுக்குக் கீழ ஒட்டியிருக்கீங்க."

"பேப்பர்லயும் அப்படித்தான்."

"தெரியும்."

இந்த வருடம் ஸ்கோரர் ஒரு கணக்கு டீச்சர். என்னைக் கற்களைத் துடைத்துக் கொடுக்கும் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். டி.வி.க்கு மேலே அந்த இடத்தை மனைவி வாரம் ஒருமுறை துடைக்கிறாள். என் கேடயம் பீரோ மேலேயே இருக்கிறது.