சாவு வீட்டுக் கமரா

கதிர்காமத்துப் பயணத்தில் எடுத்த படங்கள் ஒரு ஆல்பமாக எங்கள் லய வீடுகளுக்கு வந்தன. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அது கை மாறிக்கொண்டிருந்தது. நாகலெட்சுமி அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை புரட்டினாள். கோயில் வாசலில் ஆண்கள். பஸ்ஸுக்கு முன்னால் ஆண்கள். கடற்கரையில் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஆண்கள். ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும், சோற்றுக் கரண்டி பிடித்தபடி ஒரு கை.

"இது யாரு கையி?" என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டு மீனம்மா எட்டிப் பார்த்தாள். "வளையலப் பாத்தா ஒன் கை மாதிரித்தான் இருக்கு."

"அப்ப கதிர்காமம் போயிட்டு வந்தது என் கை மட்டுந்தானா?"

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

பயணம் என்றால் எப்போதும் அப்படித்தான். பஸ் நின்றதும் ஆண்கள் ஊர் பார்க்கப் போவார்கள். பெண்கள் பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்புக் கூட்டுவோம். அதை நாங்கள் ஒரு குறையாக நினைத்ததில்லை. அன்று அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அடுத்த பயணம் பொம்பளைகள் மட்டும் போவதென்றும், படம் எடுக்கத் தானே ஒரு கமரா வாங்கப் போவதாகவும் சொல்லிவிட்டு நடந்தாள்.

யுத்தம் முடிந்த வருடம் அது. எங்கள் தேயிலைத் தோட்டம் டிக்கோயாவுக்கு மேலே இருக்கிறது. அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதிலேயே கொழுந்துக் கூடை தூக்கியவள், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். காலையில் வேலைக்கு வரிசையாக நிற்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது மற்றவர்கள் வாய்க்குள் முனகுவோம். அவள் மட்டும் எதிர் மலைக்குக் கேட்கும்படி "இருக்கேன்!" என்பாள். ஒருநாள் பேர் கூப்பிடும் கண்டாக்கு ஐயா, "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று சிடுசிடுத்தார். "ஒங்களுக்கு மட்டும் கேட்டாப் போதுமாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் மலைக்கு ஏறிவிட்டாள்.

கமரா வாங்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். "எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாதே அக்கா" என்றேன்.

"நீ பேசமாட்ட. ஆனா எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்ப. எனக்கு அப்பிடி ஒரு ஆளு போதும்."

ஹட்டன் பஜாரில் ரிஸ்வி நானாவின் ஸ்டூடியோ. பழைய கமராக்களை அவர் கண்ணாடி அலுமாரியின் கீழ்த் தட்டில் வைத்திருந்தார். புதிதாக வாங்குவதை நாங்கள் நினைத்துப் பார்க்க முடியாது. அவர் முதலில் எடுத்துக் காட்டியது வெள்ளி நிறத்தில், தீப்பெட்டியை நீட்டிவிட்ட மாதிரி மெல்லியது. கல்யாண வீட்டு ஆட்கள் விரும்பிக் கேட்பது அதுதான் என்றார்.

அக்கா அதைக் கையில் வாங்கினாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தடித்துப்போன விரல்கள். ஒரு பொத்தானை அழுத்தப் போனால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமுங்கியது. கமரா ஏதேதோ சத்தம் போட்டது.

"மெதுவா அமத்துங்க தங்கச்சி."

"மெதுவாத்தான் அமத்தினேன். இதுக்குத்தான் என் வெரலப் புடிக்கல. சரி, இதுக்கு என்னா பெட்டரி?"

"உள்ளுக்கே ஈக்கி. சார்ஜ் பண்ணோணும். இந்தா, வயர்."

"ரயில்ல எங்கங்க சொருகறது?"

ரிஸ்வி நானா சிரித்தார். அக்கா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தட்டின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே கறுப்பும் சாம்பலுமாக ஒரு தடித்த கமரா இருந்தது. வலது கைப்பக்கம் புடைத்திருந்தது. மூலையில் நிறம் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"அது பழசு" என்றார் அவர்.

"இங்க இருக்கறது எல்லாமே பழசுதானே. எடுங்க."

புடைத்த பக்கம் அவள் உள்ளங்கைக்குள் கத்திப்பிடி போல உட்கார்ந்தது. பெரிய பொத்தான்கள். அடிமூடியைத் திறந்தால் பென்டோர்ச்சுக்குப் போடும் சின்ன பெட்டரிகள். எங்கள் தோட்டத்துக் கடையில், ரயில் நிலையத்துக் கடையில், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெயிலில் பின்பக்கத்துத் திரை வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. மேலே கண் வைத்துப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகத் தெருவைப் பார்த்தாள். பிறகு என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். பஸ் தரிப்பிடம் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் தெளிவாகத் தெரிந்தது.

உள்ளே போய், விளக்கில்லாத பின்னறையில் அடுக்கியிருந்த மரச் சட்டங்களை ஒரு படம் எடுத்தாள். மெல்லிய கமராவிலும் அதையே எடுத்தாள். மெல்லியதில் கலங்கியது, இதில் ஆணி கூடத் தெரிந்தது.

"இருட்டுக்கு இது நல்லம்" என்று தொடங்கிய ரிஸ்வி நானா நிறுத்தினார். கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். "தங்கச்சி, மத்தவங்க சொல்லித் தெரியிறதுக்கு முந்தி நானே சொல்லிர்ரேன். இத நான் சாவு வீடுகளுக்குத்தான் கொண்டுபோனேன். ஒங்கட ஆக்கள் யாரும் இத வாங்கமாட்டாங்க."

"தெரியும்" என்றாள் அக்கா. "எடுத்தவொடனயே தெரியும். என் தங்கச்சி செத்தப்ப இதத்தான் கொண்டாந்தீங்க. பெட்டியச் சுத்தி எங்கள வரிசையா நிக்க வச்சீங்க."

அவர் துடைத்த துணியை மடித்தார்.

"அவளுக்குன்னு இருக்கறது அந்த ஒரு படந்தான். சொவத்துல மாட்ட கண்ணு தொறந்த மாதிரி வேணும்னு கேட்டோம். நீங்களும் படத்து மேல கண்ண வரைஞ்சு குடுத்தீங்க. நல்லாத்தான் வரைஞ்சிருந்தீங்க. ஆனா அது அவ கண்ணு இல்ல. உசிரோட இருந்தப்ப அவள ஒருத்தரும் ஒரு படம் எடுக்கல. அது இந்தக் கமராவோட குத்தமா?" பையைத் திறந்தாள். "இதையே குடுங்க."

நாங்கள் லயத்துக்கு ஏறி வருவதற்குள் செய்தி முன்னால் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் அந்தக் கமராவைத் தெரியாத குடும்பமே இல்லை. அதன் முன்னால் அழுத முகத்தோடு நிற்காதவர்கள் யாரும் இல்லை. அக்காவின் புருஷன் சோலைமலை அண்ணன் வாசலிலேயே மறித்தார்.

"அது உள்ள வந்தா நா வெளிய படுப்பேன்."

"படுங்க. ரெண்டு கம்பளியா எடுத்துக்கங்க, பனி பேயுது."

அவர் வெளியே கொஞ்ச நேரம் இருந்து பார்த்தார். பிறகு நாய் குரைக்கிறது, தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் பெரட்டில் மீனம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பயணத்துக்கு நாங்க வர்றோம். ஆனா அதுக்கு முன்னால ஒருத்தியும் நிக்கமாட்டோம். சாவு பாத்த சாமான், பயணத்துக்கு ஆகாது."

"முன்னால நிக்காட்டிப் போ. முதுகுப் பக்கம் எடுத்துக்கறேன். ஒனக்கு அதுதான் அழகு" என்றாள் அக்கா. சிரிப்புக் கிளம்பியது. ஆனாலும் பெண்கள் மீனம்மா பக்கம்தான் இருந்தார்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நான் எந்தப் பக்கமும் பேசவில்லை.

பௌர்ணமி போயா விடுமுறையன்று ஹட்டனில் ரயில் ஏறினோம். உலக முடிவு என்ற மலை விளிம்பைப் பார்க்கப் போவதென்று அக்கா முடிவு செய்திருந்தாள். "வெள்ளைக்காரங்க ஏரோப்பிளேன் ஏறி வந்து பாக்கறாங்க. இந்தா இருக்கற நாம பாத்ததில்ல" என்றாள். நானுஓயாவில் வெளிநாட்டுக்காரர்கள் பெட்டி படுக்கையோடு இறங்கினார்கள். அதற்குப் பிறகு பெண்கள் ஜன்னல்களைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடினார்கள். அக்கா கமராவை எடுக்கும்போதெல்லாம் பாட்டு நின்றது. முந்தானைகள் முகத்துக்கு ஏறின. அவள் ஜன்னலுக்கு வெளியே திரும்பி மலைகளை எடுத்தாள்.

பட்டிப்பொலையில் இறங்கி, வேன் பிடித்து, புல்வெளி வழியே நடந்து போனோம். உலக முடிவில் தரை சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் பெரிய பள்ளம் என்று சொல்வார்கள். நாங்கள் போனபோது பள்ளம் முழுவதும் மூடுபனி. வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது.

"வாங்கடி, ஒரு படம்" என்றாள் அக்கா.

ஒருவரும் அசையவில்லை. மீனம்மா முழுதாகவே திரும்பி நின்றுகொண்டாள்.

அக்கா கமராவை என் கையில் வைத்தாள். "இந்தா புள்ள, மொதல்ல என்னய எடு. செத்தா நா சாகறேன்." விளிம்புக்குப் பக்கத்தில் போய், முந்தானையை இழுத்துச் சொருகி, நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். பெண்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். நான் சின்னக் கண்ணாடியில் கண்ணை வைத்தேன். கனமான கமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அழுத்தினேன்.

"பின்னால ஒண்ணுமே விழல அக்கா. ஒரே வெள்ள."

"நா விழுந்திருக்கேன்ல? போதும்."

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பட்டிப்பொலை நிலையத்தில் நனைந்த உடுப்போடு ரயிலுக்குக் காத்திருந்தோம். அடுத்த நாட்களில் பெரட்டில் பேர் கூப்பிடும்போது அக்கா வழக்கத்தைவிட உரக்கக் கத்தினாள். "இருக்கேன்! இன்னும் இருக்கேன்! மீனம்மா, கேட்டிச்சா?"

பிறகு ஒரு காலை கண்டாக்கு ஐயா அக்காவின் பேரைக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். எல்லோரும் மீனம்மாவைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலில் பிதற்றிய அக்காவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். லயத்தில் யாரும் உரக்கப் பேசவில்லை. ஆனால் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுத்தான். சோலைமலை அண்ணன் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என்னிடம் கொண்டுவந்தார். "இந்தச் சனியன அந்த நானாகிட்டயே குடுத்திரும்மா. காசு வேணாம்னு சொல்லு." அவர் கண் சிவந்திருந்தது. நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

ஹட்டன் பஸ் டிக்கோயாவைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்வை நேரத்துக்கு மீனம்மாவும் மற்றப் பெண்களும் ஆஸ்பத்திரியில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். பொட்டலம் என் பைக்குள் இருந்தது.

அக்கா பாதியாகியிருந்தாள். தலையணையில் சாய்ந்து கிடந்தாள். குரல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. மீனம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நா அப்பவே சொன்னேனே நாகு. கேட்டியா நீ?"

"மழையில நனைஞ்சேன், காச்சல் வந்திச்சு. அதுக்கு எதுக்குடி ஒப்பாரி?" மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தாள். என் பையைப் பார்த்தாள். "கொண்டாந்திருக்கியா?"

நான் பொட்டலத்தை அவிழ்த்தேன். பெண்கள் பின்வாங்கினார்கள்.

"சரி, நா சாகப்போறேன்னே வச்சுக்கங்க" என்றாள் அக்கா. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "அப்ப ரிஸ்வி நானா வருவாரு. நீங்க எல்லாரும் வரிசையா நிப்பீங்க. அன்னிக்கி ஒருத்தியும் மாட்டேன்னு சொல்லமாட்டீங்க. தலமாட்டுல மீனம்மா நிப்பா. எனக்கு மட்டும் கண்ணு மூடியிருக்கும். யார் யாரு வந்து நின்னீங்கன்னு எனக்குத் தெரியாது." முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "நிக்கறதுன்னா இப்ப நில்லுங்கடி. நா பாக்கறப்ப நில்லுங்க."

வார்டில் மற்ற நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். மீனம்மா மூக்கைச் சிந்தினாள். பிறகு கட்டிலைச் சுற்றிப் போய், தலைமாட்டில் நின்றாள். சாவு வீட்டில் எங்கே நிற்பாளோ அதே இடம். அக்காவின் தோளில் கையை வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்க் கட்டிலைச் சூழ்ந்தார்கள். ஒருத்தி முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனாள்.

"கைய எறக்குடி" என்று மீனம்மா அதட்டினாள்.

அழுத்தினேன். வார்டு முழுவதும் வெளிச்சம் அடித்தது. தாதி ஓடிவந்து, "எளியட யன்ன! யன்ன!" என்று சிங்களத்தில் கத்தி, வாசலைக் காட்டி எங்களை விரட்டினாள். நாங்கள் ஓடினோம். பின்னால் அக்கா இருமிக்கொண்டே சிரிப்பது கேட்டது.

ஹட்டனுக்கு நான் போனேன்தான். ரிஸ்வி நானாவிடம் படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, கமராவோடு திரும்பி வந்தேன். அவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். எத்தனையோ தடவை அவரே எடுத்த அதே வரிசை. நடுவில் இருப்பவளின் கண்கள் மட்டும் உருட்டிக்கொண்டு, யாருடனோ சண்டைக்கு நிற்பதுபோல் திறந்திருந்தன.

அக்கா வீட்டுக்கு வந்தாள். தேறியதும் வேலைக்கு வந்தாள். பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட்ட கண்டாக்கு ஐயா, காதைப் பொத்துவதுபோல் கையைத் தூக்கிக் காட்டினார். "இருக்கேன்!" என்ற சத்தம் எதிர் மலைக்குப் போய் வந்தது.

அன்று மாலை பீலியடியில் படம் கை மாறியது. மீனம்மா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"தலையக் கூட வாரல நானு. பேய் மாதிரி இருக்கேன். நாகு, அடுத்த போயாவுக்கு ஒழுங்கா ஒண்ணு எடு."

"எங்க வச்சு?"

"அங்கயேதான். ஒலக முடிவுல. இந்தத் தடவ பின்னால ஏதாச்சும் தெரியற நாளாப் பாத்துப் போவோம்."