வெறும் டப்பா

தீபாவளிக்கு எதிர்வீட்டுச் சித்ரா முறுக்கு போட்டுக் கொடுத்த எவர்சில்வர் டப்பா, கிறிஸ்துமஸ் வரைக்கும் என் சமையலறையிலேயே கிடந்தது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. என் கணவர் இறந்தபின் நான் பலகாரம் எதுவும் செய்யவில்லை. கடையில் வாங்கிப் போடவும் மனம் வரவில்லை. வெட்கத்தில் சித்ராவின் கண்ணில் படாமலே நடமாடினேன்.

கிறிஸ்துமஸ் அன்று விடிகாலையில் தாம்பரம் சர்ச்சில் ஆராதனை. வாசலில் ஓயாத கைகுலுக்கல். மதியம் ஊரப்பாக்கத்தில் நாத்தனார் வீட்டுப் பிரியாணி. நடுவே கனடாவிலிருந்து மகன் வீடியோ காலில் வந்தான்.

"ஹாப்பி கிறிஸ்துமஸ்மா. அப்புறம் பேசறேன்."

சாயங்காலம் வீட்டைத் திறந்தேன். காலையில் குடித்துவிட்டு வைத்த காபி டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது.

கதவு தட்டும் சத்தம். சித்ரா நின்றாள்.

"அக்கா, என் டப்பா இருக்கா?"

"இருக்கும்மா. வெறுமனே எப்படித் தர்றதுன்னுதான்..."

"பரவால்லக்கா, வெறுமனேயே குடுங்க. நாளைக்கு மாவு அரைக்கிறேன். உங்களுக்கும் அதுலதான் எடுத்துட்டு வரணும்."

துடைத்துக் கொடுத்தேன். காலையிலிருந்து எத்தனையோ பேர் என்னை வாழ்த்திவிட்டார்கள். என்னிடம் ஒன்றைக் கேட்டு வந்தவள் அவள் ஒருத்திதான்.