மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒரு வடிவான இடம்

சிவபாதம் அண்ணை மறைந்த செய்தி அவருடைய தொலைபேசியிலிருந்தே வந்தது. எங்கள் நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில், அவருடைய சிரித்த படத்துக்குப் பக்கத்தில்: “அண்ணை இண்டைக்குக் காலமை மோசம் போயிட்டார்.”

இறந்தவர் தானே வந்து அறிவிப்பாரா? யாரோ தொலைபேசியைத் திருடிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, “ஆர் இது? பொலிசுக்கு அறிவிப்பன்” என்று பதில் போட்டேன். எழுதியிருந்தவர் அவருடைய மனைவி பவளம் அக்கா. அந்த வீட்டுக்குப் போன முதல் அனுதாபச் செய்தி என்னுடைய மிரட்டல்தான்.

என்னைத் தெரிந்தவர்கள் வியப்படைய மாட்டார்கள். ரயிலில் பரிசோதகர் புன்னகைத்தாலே, ஏதோ இருக்கிறது என்று டிக்கெட்டை இரண்டு தரம் பார்க்கிறவன் நான்.

அண்ணையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுவிஸில், துன் நகரில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் எங்கள் ஏழெட்டுப் பேரை ரயிலேற்றிக் காண்டர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு நடக்கக் கூட்டிப் போவார். பாலில் சாம்பல் கரைத்தது போன்ற ஆறு, கரையில் புல்வெளி, தலைக்கு மேல் பனிமலை. படம் எடுத்து ஊருக்கு அனுப்பத் தோதான இடம். நடக்கத் தோதானதா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் என் மனைவி மாலினிதான் என்னை அந்தக் குழுவில் தள்ளிவிட்டாள். என் இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று ஒடுங்கியிருப்பதாகவும், நடக்க வேண்டும், ஆனால் மூச்சு முட்ட நடக்கக்கூடாது என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வெளியே அதன் பெயர் வாய்வு. நோய், வருத்தம் என்று ஒரு பேச்சு வெளியில் போனால் அதற்கு எத்தனை கால் முளைக்கும் என்பது, கால் முளைக்க வைக்கிறவனுக்குத்தானே தெரியும்?

முதல் நாளே அண்ணை மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வாழ்நாள் முழுக்க நின்று வேலை செய்த மனிதர் ஏன் ஓய்விலும் நடக்கிறார்? நம்மவர்கள் எங்கேயாவது போவதற்குத்தான் நடப்பார்கள். சுற்றிவந்து அதே ரயில் நிலையத்தில் நிற்பது என்ன நியாயம்?

அடுத்தது, அவர் நிற்கும் இடங்கள். ஆறு வளைந்து மின்னும் இடத்தை விறுவிறென்று கடந்துவிடுவார். ஏற்றத்தின் பாதியில், ஒரு மாட்டுக்கொட்டிலின் பின்புறம், சாணம் குவிந்த எருக்கும்பிக்கு நேர் எதிரே சட்டென்று நிற்பார்.

“இதில நிண்டு பாருங்கோ. என்ன வடிவு!”

நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த அழகைப் பார்ப்போம். வழிகாட்டும் மஞ்சள் பலகை ஒன்றேகால் மணித்தியாலம் என்று சொல்லும் பாதைக்கு நாங்கள் இரண்டரை மணித்தியாலம் எடுத்தோம்.

ஒருநாள் அந்தப் பண்ணைக்காரப் பெண் அண்ணையைப் பார்த்துக் கையசைத்தாள். எனக்கு அது போதாதா? குழுவில் எனக்குப் பின்னால் வந்த துரையிடம் சொன்னேன்: “வடிவு எதெண்டு இப்ப விளங்குதோ?”

“சும்மா இரும். அண்ணைக்குக் கேக்கும்.”

“அவருக்குக் காது மந்தம். திரும்பிப் பாக்கிறாரோ பாரும்.”

உண்மையிலேயே அவர் திரும்பிப் பார்த்ததில்லை. எப்போதும் என் முன்னால் பத்தடி தூரத்தில் நடப்பார். இடைக்கிடை, “தம்பி, கதைச்சுக்கொண்டு வாங்கோ. கதை நிக்கக்கூடாது” என்பார். இப்படி உற்சாகப்படுத்தினால் நான் விடுவேனா? அவரைப் பற்றியே கதைத்துக்கொண்டு போனேன்.

போன வருடம் ஒரு ஏற்றத்தில் நான் நெஞ்சைப் பிடித்ததைத் துரை கண்டுவிட்டான். பயத்தில் வாய் முந்திக்கொண்டது. “எனக்கு ஒண்டுமில்லை. அண்ணைக்குத்தான் இதயத்தில வருத்தமாம். ஆருக்கும் சொல்லாதேயும்.” என் வருத்தத்தை அவர் தோளில் இறக்கிவைத்தேன். சொல்லாதே என்றதால் அது ஒரு கிழமைக்குள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு, எருக்கும்பிக்கு முன்னால், எல்லாருக்கும் நடுவில் துரை கேட்டுவிட்டான்: “அண்ணை, உங்களுக்கு இதயத்தில ஏதோ எண்டு கேள்விப்பட்டன்?”

நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினேன். அண்ணை என்னைப் பார்க்கவே இல்லை.

“ஓம், கொஞ்சம் இருக்கு. அதுதான் இப்பிடி நிண்டு நிண்டு போறன். நீங்களும் என்னோட நில்லுங்கோ.”

பாருங்கள், நான் சொன்ன பொய்யை நானே நம்பத் தொடங்கினேன். என் மூக்கு ஒருபோதும் தவறுவதில்லை என்று பெருமைப்பட்டும் கொண்டேன்.

செத்தவீட்டுக்குப் போனபோதும் அந்தப் பெருமையை விடவில்லை. “அக்கா, அண்ணையின்ர இதய வருத்தம் எனக்கு முதலே தெரியும்” என்றேன்.

பவளம் அக்கா அழுத கண்ணோடு என்னைப் பார்த்தார். “ஆருக்கு? அவருக்கோ? தலைக்குள்ள நரம்பு வெடிச்சதெல்லோ. அவற்ற இதயத்தில ஒரு பிழையும் இருக்கேல்லை. வருத்தம் உங்களுக்கெல்லோ தம்பி.”

பக்கத்தில் மாலினி நிலத்தைப் பார்த்தாள். நான் குழுவில் சேர முதலே அவள் அண்ணையிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

“நீங்கள் பின்னால கதைச்சுக்கொண்டு வருவியளாம்” என்றார் அக்கா. “கதை அறுந்தறுந்து வந்தா மூச்சு வாங்குதாம். கதையே நிண்டா, தானும் நிக்க வேணுமாம். ‘நான் திரும்பிப் பாத்தா அவனுக்கு வெக்கமாப் போடும்’ எண்டு சொல்லுவார்.”

“அப்ப… நான் கதைச்சதெல்லாம்?”

“எல்லாம் கேட்டவர். வீட்டை வந்து எனக்கும் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பண்ணைக்காரியின்ர கதை எங்க போய் முடியுது எண்டு பாத்துக்கொண்டிருந்தவர்.”

எல்லாரையும் சந்தேகித்த நான், எனக்காகத்தான் அவர் நிற்கிறார் என்று மட்டும் சந்தேகிக்கவே இல்லை.

சென்ற ஞாயிறு அவர் இல்லாமல் போனோம். துரை முன்னால் நடந்தான். நான் வழக்கம்போலக் கதைத்துக்கொண்டு போனேன். கொட்டிலடி ஏற்றத்தில் கதை அறுந்தது, பிறகு நின்றது. முன்னால் போன ஒருவரும் நிற்கவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

“நில்லுங்கோ” என்று கத்தினேன். “எனக்கு ஏலாது. இதய வருத்தம் எனக்கு. அண்ணைக்கு இல்லை. எப்பவும் எனக்குத்தான்.”

துரை திரும்பி வந்தான். எருக்கும்பிக்கு எதிரே என் பக்கத்தில் நின்று, “என்ன வடிவு” என்றான். மற்றவர்களும் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் பண்ணைக்காரப் பெண் கையசைத்தாள். இந்த முறை நானும் அசைத்தேன்.

போய்வாருங்கள் அண்ணை. வழக்கம்போலப் பத்தடி முன்னால் நடந்துபோங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம். நான் உங்களைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வருகிறேன்.