பன்னிரண்டடி தாத்தா

நகராட்சியில் தெருக்களுக்குப் பெயர் சூட்டும் பிரிவில் ஒரே ஓர் எழுத்தர்தான். ஊரில் அவருக்குப் ‘பலகை மாப்பிள்ளை’ என்று பெயர். பலகை உத்தியோகத்தால் வந்தது. மாப்பிள்ளை, ஆற்றோரப் பழைய வீட்டில் மனைவியின் அண்ணனுக்கு அடங்கி வீட்டோடு இருந்ததால் வந்தது. ஊரார் பாட்டன்மார்களுக்கெல்லாம் தெருக்களை வாரி வழங்கிய அந்தப் புண்ணியவானுக்கு வாய்த்ததோ, அந்த வீட்டின் பின்பக்க அறை ஒன்றுதான்.

அறையை ஒட்டி ஆற்றோரமாக ஒரு பாதை. குப்பை கொட்டப் போனவர்கள் மிதித்து மிதித்து உண்டானது என்பதே அதன் முழு வரலாறு. நிலம் கொடுத்த குடும்பத்தின் பெயரை அதற்குச் சூட்டலாம் என்று நகராட்சி அறிவித்ததும், குப்பை கொட்டிய வீடுகளிலெல்லாம் கொடைவள்ளல்கள் முளைத்தார்கள். பக்கத்து வீட்டு மரக்கடைக்காரர், தன் தாத்தா ஆறடி கொடுத்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

மச்சானுக்குத் தூக்கம் போயிற்று. “மாப்ளே, நம்ம தாத்தா பன்னெண்டடி கொடுத்தார்னு எழுதுங்க.”

“வேணாம் மச்சான். பாதையே நாலடிதான் இருக்கு.”

“தாத்தா மனசு பெரிசு. எழுதுங்கன்னா!”

எழுதினார். உப்புத் தின்ற வீடு.

பெயர் கிடைத்தது. கூடவே, கொடுத்த நிலத்தை அளந்து மீட்க சர்வேயரும் வந்தார். கரையிலிருந்து புறப்பட்ட நாடா பாதையைத் தாண்டி, ஜன்னல் வழியாக நுழைந்து, கட்டிலைக் கடந்து, எதிர்ச் சுவரில் போய் முட்டியது.

“பாதை இதுவரைக்கும் வருதுங்க. அறையை இடிக்கணும்.”

எழுத்தர் மச்சான் பக்கம் திரும்பினார். “மச்சான், தாத்தா கொடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பேரை ரத்து பண்ணிடறேன், அறை தப்பிடும்.”

மச்சான் வாயைத் திறந்தார். மதிலுக்கு அப்பால் மரக்கடைக்காரரின் தலை தெரிந்தது. தலை சிரித்தது.

“கொடுத்தது கொடுத்ததுதான். இடிங்க!”

அறையில் குடியிருப்பவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டியது பெயர்ப் பிரிவின் வேலை. எழுத்தரே எழுதினார், எழுத்தரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

மனைவி மெத்தையைச் சுருட்டினாள். “அண்ணன்தான் அப்படின்னா, நீங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“ஆபீஸே நான்தாண்டி” என்றார் அவர், கட்டிலின் ஒரு முனையைத் தூக்கியபடி. “அந்தப் பக்கம் பிடி.”